குதிகாலுக்கு ஒன்று, கைக்கு ஒன்று: வீட்டிலேயே ஸ்கிரப் சோப்பு செய்யும் முறை

ஸ்கிரப் சோப்பு செய்து பார்க்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "உள்ளே என்ன பொடி போடலாம்?" என்றுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது: இந்த சோப்பு யாருடைய உடம்பில், எந்த இடத்தில் தேயப் போகிறது? சென்னை காசிமேட்டில் நாள் முழுக்க ஈரத்தரையில் நின்று மீன் வெட்டுகிறவரின் குதிகாலுக்கும், தண்டையார்பேட்டை லேத் பட்டறையில் வேலை பார்ப்பவரின் விரல் இடுக்குக்கும், காலேஜுக்குப் போகிற பெண்ணின் முதுகுக்கும் ஒரே சோப்பு சரிப்படாது. ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: யாருக்கு, எந்த இடத்துக்கு. எந்தப் பொடி, எவ்வளவு பருமன், எவ்வளவு அளவு என்பதெல்லாம் அதை வைத்துத்தான் முடிவாகும்.

முகத்துக்கு இவற்றில் எதுவும் வேண்டாம். முகத்துத் தோல் மெல்லியது. பரு இருந்தால் தேய்க்கத் தேய்க்க வீங்கிச் சிவந்து, தழும்பில் போய் முடியும்.

எந்த வழியில் செய்வது

இரண்டு வழி உண்டு. ஒன்று, கடையில் சோப் பேஸ் (ஏற்கெனவே சோப்பாகிவிட்ட, உருக்கிப் பயன்படுத்தும் கட்டி) வாங்கி உருக்கி ஊற்றுவது. இன்னொன்று, எண்ணெயையும் காஸ்டிக் சோடாவையும் சேர்த்து அடியிலிருந்து நாமே செய்வது.

வீட்டில் தவழும் குழந்தை இருந்தால், அல்லது சமையலும் படுக்கையும் ஒரே அறையில் என்றால், பேஸ் வாங்குவதுதான் சரி. அதைச் சிறு துண்டுகளாக வெட்டி, கொதிக்கும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் இன்னொரு பாத்திரம் வைத்து உருக்குங்கள். உருகியதும் பொடியைக் கொட்டினால் எல்லாம் அடியில் போய்த் தங்கிவிடும். 50 டிகிரி அளவுக்கு ஆறி, லேசாகக் கெட்டிப்படத் தொடங்கும்போது பொடியைக் கலந்து உடனே அச்சில் ஊற்ற வேண்டும். சில மணி நேரத்தில் சோப்பு கைக்கு வந்துவிடும்.

இனி வருவதெல்லாம் இரண்டாவது வழி. வேலை கூடுதல், காத்திருப்பும் கூடுதல். ஆனால் எந்த எண்ணெய் போகிறது, எவ்வளவு போகிறது என்பது முழுக்க நம் கையில் இருக்கும். எனக்கு இதுதான் பிடித்த வழி.

காஸ்டிக் சோடாவைத் தெரிந்துகொள்ளுங்கள்

எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வினைபுரிந்தால் சோப்பும் கிளிசரினும் கிடைக்கும். அளவு சரியாக இருந்தால் முடிந்த சோப்பில் காஸ்டிக் சோடா மிச்சமிருக்காது. அதுவரைக்கும் அது தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும். பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. கவனம் மட்டும் ஒரு நொடிகூட தளரக் கூடாது.

பெயர்க் குழப்பம் நிறைய. சமையல் சோடா வேறு, துணிக்குப் போடும் சலவை சோடா வேறு, காஸ்டிக் சோடா வேறு. முதல் இரண்டில் சோப்பு வராது. அடைப்பு நீக்கும் பொடியை வாங்கி வேலையை முடித்துக்கொள்ளவும் நினைக்காதீர்கள். அதில் அலுமினியத் துகளும் வேறு பொருட்களும் கலந்திருக்கலாம்.

அலுமினியத்தை காஸ்டிக் சோடா அரித்துவிடும். அரிக்கும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு கிளம்பும். எனவே அலுமினியக் குண்டான், கரண்டி, ஃபாயில் எதுவும் பக்கத்தில் வரக் கூடாது. எவர்சில்வர் பாத்திரம், அல்லது அடியில் முக்கோணத்துக்குள் 5 என்று போட்ட பிளாஸ்டிக் மக். கண்ணாடிப் பாத்திரம் வேண்டாம், சூட்டில் விரிசல் விடும். கையுறை, கண்ணை முழுதாக மூடும் கண்ணாடி, முழுக்கைச் சட்டை, காலை மூடும் செருப்பு இவையெல்லாம் கட்டாயம்.

மீதமாகும் சோடாவைக் குளிர்பான பாட்டிலிலோ தண்ணீர் பாட்டிலிலோ போட்டு வைக்கவே கூடாது. தாகத்தில் யாராவது எடுத்துக் குடித்துவிடும் அபாயம் உண்மையானது. திருகு மூடி உள்ள டப்பாவில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி, பரணில் வையுங்கள். ஈரக்காற்று பட்டால் அது நீரை உறிஞ்சிக் கட்டியாகும். அப்புறம் எடை போட்டாலும் அளவு சரியாக இருக்காது.

தோலில் தெறித்தால் உடனே குழாயைத் திறந்து 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். வினிகர், எலுமிச்சை எதையும் தடவாதீர்கள். கண்ணில் பட்டால் அதே போல் கழுவிக்கொண்டே ஆள் அனுப்பி ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனை கிட்டத்தில். எழும்பூரில் அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல் அப்படியே கொண்டுபோங்கள்.

கடைக்குப் போகும்போது

பாரிமுனைக்குப் பின்னால் இருக்கும் தெருக்களில் ஏறக்குறைய எல்லாமே கிடைக்கும். நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள், ராசப்ப செட்டி தெருவில் நாட்டு மருந்துக் கடைகள். திருவொற்றியூர், விம்கோ நகர் பக்கமிருந்து வருபவர்கள் மெட்ரோவில் மண்ணடியிலோ உயர் நீதிமன்றத்திலோ இறங்கி நடக்கலாம். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் பூட்டியிருக்கும். "அண்ணே, சோப்பு செய்றதுக்கு காஸ்டிக் சோடா ஃப்ளேக்ஸ் வேணும், அரை கிலோ, புது பாக்கெட்டா குடுங்க" என்று கேளுங்கள்.

எண்ணெயில் மூன்று கவனம். தேங்காய் எண்ணெய் வாசனை சேர்க்காத, சமையலுக்கான எண்ணெயாக இருக்க வேண்டும். தலைக்குத் தேய்க்கும் சில எண்ணெய்களில் மினரல் ஆயில் இருக்கும், அது சோப்பாக மாறவே மாறாது. விளக்கெண்ணெய் என்றால் சுத்தமான ஆமணக்கு எண்ணெய். பூஜைக்கு விற்கும் கலப்பு தீப எண்ணெய் ஆகாது. பாமாயிலுக்கு ரேஷன் கடை பாக்கெட்டே போதும்.

தண்ணீர் நம் பக்கத்தில் பெரிய விஷயம். கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பாகவும் கடினமாகவும் இருக்கும். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத வெள்ளைக் கசடாகும். கேன் தண்ணீர் பரவாயில்லை. பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் இன்னும் நல்லது. ஆனால் பாட்டிலில் பெயரைப் படித்து வாங்குங்கள். பேட்டரி ஆசிட் வேறு பொருள்.

ஒரு கிராம் துல்லியமாகக் காட்டும் டிஜிட்டல் தராசு இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். ஹேண்ட் பிளெண்டர் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் மத்தால் கடையலாம், கை வலிக்கும், நேரமும் ஆகும்.

அளவு

தேங்காய் எண்ணெய் 250 கிராம்
பாமாயில் 200 கிராம்
விளக்கெண்ணெய் 50 கிராம்
காஸ்டிக் சோடா 75 கிராம்
தண்ணீர் 165 கிராம்

எல்லாமே எடை. மில்லி லிட்டர் கணக்கு வேண்டாம். ஒரு லிட்டர் பாமாயில் ஒரு கிலோ இருக்காது, 900 கிராமுக்குக் கொஞ்சம் மேலே நிற்கும்.

75 எப்படி வந்தது என்று தெரிந்துகொண்டால் பிறகு நீங்களே அளவை மாற்றலாம். ஒவ்வொரு எண்ணெயும் சோப்பாவதற்கு வெவ்வேறு அளவு சோடாவைக் கேட்கும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம், பாமாயிலுக்கு சுமார் 0.141, விளக்கெண்ணெய்க்கு 0.128. பெருக்கிக் கூட்டினால் 80 கிராம் சொச்சம். அதில் ஐந்து கிராம் போலக் குறைத்துவிட்டோம். அப்படிக் குறைத்தால் ஆறரை சதவீத எண்ணெய் சோப்பாகாமல் மிஞ்சி நிற்கும். தோல் வறளாமல் இருப்பது அதனால்தான். தேய்க்கிற சோப்புக்கு இந்த மிச்ச எண்ணெய் இன்னும் முக்கியம், ஏனென்றால் பொடி ஏற்கெனவே தோலை உரசிக்கொண்டிருக்கிறது. எண்ணெயை மாற்றினால் சோடாவையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். பாமாயில் தீர்ந்துவிட்டது, அதே எடைக்கு நல்லெண்ணெய் ஊற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடக் கூடாது.

"முதல் தடவைதானே, நூறு கிராமில் செய்து பார்ப்போம்" என்று தோன்றும். வேண்டாம். 75 கிராம் சோடாவில் தராசு ஒரு கிராம் தப்பினால் பெரிய பாதிப்பில்லை. 15 கிராமில் அதே ஒரு கிராம் கூடிவிட்டால், நாம் விட்டுவைத்த மிச்ச எண்ணெய் முழுவதையும் அது தின்றுவிடும். அரை கிலோ எண்ணெய்தான் புதியவர்களுக்குப் பாதுகாப்பான குறைந்தபட்சம். ஏழு கட்டி வரும்.

செய்முறை

அச்சை முதலில் தயார் பண்ணுங்கள். ஒரு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பா போதும். உள்ளே பட்டர் பேப்பர் விரியுங்கள். பொடியையும் அளந்து, இரண்டு ஸ்பூன் எண்ணெயில் குழைத்து வைத்துவிடுங்கள். அந்த எண்ணெயை 500 கிராமிலிருந்தே எடுக்க வேண்டும். மாவைக் காய்ந்தபடியே கொட்டினால் கட்டி தட்டும்.

காஸ்டிக் சோடா கலப்பதை மொட்டை மாடியிலோ காற்றோட்டமான பால்கனியிலோ வைத்துக்கொள்ளுங்கள். குழந்தைகளும் பூனையும் அந்தப் பக்கம் வராத நேரம் பாருங்கள். தண்ணீரை முதலில் பாத்திரத்தில் எடுத்து, அதில் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளறுங்கள். சோடாவின் மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துச் சீறி முகத்தில் அடிக்கும். இந்த வரிசையை ஒருபோதும் மாற்றாதீர்கள். கலந்த தண்ணீர் கொதிநிலைக்குப் பக்கத்தில் சூடேறும், ஆவி வரும். அந்த ஆவியைச் சுவாசிக்காமல் தலையைத் திருப்பிக்கொள்ளுங்கள். தெளிந்ததும், ஒரு அகலமான டப்பில் குளிர்ந்த தண்ணீர் வைத்து அதற்குள் இந்தப் பாத்திரத்தை இறக்கி ஆறவிடுங்கள். மே மாதத்தில் சும்மா வைத்தால் வெகு நேரம் ஆறாது.

சோடாக் கரைசலும் எண்ணெயும் இரண்டும் 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்ததும், கரைசலை எண்ணெயில் மெதுவாக ஊற்றுங்கள். பிளெண்டரை முழுதாக உள்ளே அமிழ்த்திய பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். சில நொடி ஓட்டம், சில நொடி சும்மா கிளறல், மறுபடி ஓட்டம். கொஞ்ச நேரத்தில் எண்ணெய்ப் பளபளப்பு போய், கலவை தோசை மாவுப் பதத்துக்கு வரும். கரண்டியால் எடுத்து மேலே விட்டால் விழுந்த கோடு உடனே மறையாமல் நிற்க வேண்டும். அந்தக் கோடு நிற்பதற்கு முன்னால் கனமான பொடியைப் போட்டால் அடியில் இறங்கும். ஒரு பக்கம் வழவழப்பும் மறுபக்கம் சொரசொரப்புமாக சோப்பு வரும். கோடு நின்றதும் பிளெண்டரை எடுத்துவிட்டு, குழைத்த பொடியைக் கரண்டியால் கலந்து, அச்சில் ஊற்றி, டப்பாவைத் தரையில் நாலு தட்டு தட்டுங்கள். உள்ளே இருக்கும் காற்று வெளியேறும்.

வாசனைக்கு உடம்பில் அடிக்கும் ஸ்ப்ரே எதையும் ஊற்றாதீர்கள், அதிலுள்ள ஆல்கஹாலால் கலவை சட்டென்று இறுகிவிடும். முதல் தடவை வாசனையே இல்லாமல் செய்யச் சொல்வேன்.

எந்த இடத்துக்கு எந்தப் பொடி

குதிகாலுக்குத்தான் உண்மையான சொரசொரப்பு வேண்டும். கெமிக்கல் கடையில் பியூமிஸ் பொடி (எரிமலை நுரைக்கல்லின் பொடி) கேட்டு வாங்குங்கள், இந்த அளவுக்கு ஒரு மேசைக்கரண்டி. இன்னும் நல்ல வழி பீர்க்கங்காய் நார். முற்றிக் காய்ந்த பீர்க்கங்காயின் தோலையும் விதையையும் நீக்கி, அச்சின் உயரத்துக்கு வட்டமாக நறுக்கி அடுக்கி, கலவையை மேலே ஊற்றினால் நார் சோப்போடு சேர்ந்து கடைசி வரை இருக்கும். பொடியைப் போல் அடியில் இறங்குகிற தொல்லையும் இல்லை. நாருக்குள் கலவை இறங்க வேண்டும் என்பதால் இதற்கு மட்டும் கொஞ்சம் தளர்வாக இருக்கும்போதே ஊற்றலாம்.

வேலை செய்யும் கைகளுக்கு காபிச் சக்கை. பில்டரில் டிகாஷன் இறக்கிய பிறகு மிஞ்சும் தூளை அலசி, வெயிலில் மொறமொறவென்று காயவிட்டு, ஒரு மேசைக்கரண்டி போடுங்கள். சிக்கரி கலந்த தூள் நுரையில் பழுப்பு விடும், அலசுவது அதற்காகத்தான். நக இடுக்கில் இருக்கும் கிரீஸையும் மீன் செதிலையும் இது நன்றாகக் கிளப்பும். மீன் வாடைக்கு மட்டும் சோப்பை நம்பி இருக்காதீர்கள். வாடை தருகிற அமீன் என்ற பொருளே காரத்தன்மை உடையது, சோப்பும் காரம். தேய்த்துக் கழுவிய பிறகு புளித்தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஒரு தடவை கையை நனைத்தால்தான் அது போகும். நம் வீடுகளில் மீன் கழுவப் புளி எடுப்பதும் சரியான காரணத்தோடுதான்.

உடம்புக்கு, குறிப்பாக முதுகுக்கும் முழங்கைக்கும், பச்சைப்பயறு மாவைவிட நல்லது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். வறுக்காமல் காயவைத்து அரைத்து, மெல்லிய சல்லடையில் சலித்து, ஒன்றரை மேசைக்கரண்டி. வெட்டிவேர்ப் பொடி, ஆவாரம்பூப் பொடி சேர்ப்பதும் இந்த வகைதான், ஆனால் நன்றாகச் சலியுங்கள். வெட்டிவேரின் நார் ஊசியாகக் குத்தும். கொஞ்சம் கூடுதல் உரசல் வேண்டும் என்றால் கசகசா. அதன் மணி உருண்டையாக இருப்பதால் தோலைக் கீறாது.

எந்தப் பொடியையும் போடுவதற்கு முன் மணிக்கட்டின் உள்பக்கம் கொஞ்சம் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். குத்தினால் உடம்பு சோப்புக்கு வேண்டாம். கடற்கரை மணல் வேண்டாம், உடைந்த சிப்பித் துண்டுகள் தோலைக் கிழிக்கும். கோலமாவும் வேண்டாம், கடையில் விற்பது பெரும்பாலும் கல் மாவுதான். சர்க்கரை கரைந்துவிடும், போதாததற்கு கலவையைச் சூடேற்றும். உப்பு நுரையைக் கெடுக்கும். துருவிய கேரட், பச்சைக் கற்றாழை போன்ற ஈரமான எதுவும் கெட்டுப்போகும். காய்ந்த பொருட்களோடு நில்லுங்கள்.

கஸ்தூரி மஞ்சள் போட்டால் கலவை செங்கல் நிறத்துக்கு மாறும். காரத்தில் மஞ்சள் அப்படித்தான் செய்யும். சோப்பு காயக் காய அது தணியும். வேப்பிலைப் பொடியின் பச்சை சில வாரங்களில் பழுப்பாகிவிடும். இரண்டுமே கெட்டுப்போனதற்கு அடையாளம் இல்லை.

வெட்டுவதும் காயவைப்பதும்

குளிர் நாட்டுக்காரர்கள் அச்சை டவலால் போர்த்தி வைக்கச் சொல்வார்கள். சென்னையில் அது தேவையில்லை. அக்னி நட்சத்திரத்தில் போர்த்தினால் சோப்பு உள்ளே அதிகமாகச் சூடேறி நடுவில் வெடிக்கும். மூடி போட்டு நிழலில் வைத்தால் போதும்.

மறுநாள் தொட்டுப் பாருங்கள், கையுறையோடு. பாலாடைக்கட்டி அளவுக்கு இறுகியதும் வெட்டிவிட வேண்டும். தேங்காய் எண்ணெய் அதிகம் என்பதால் இன்னும் ஒரு நாள் விட்டால் வெட்டும்போது உதிரும். கத்தியை மேலிருந்து இறக்கினால் பொடியின் மணிகள் இழுபட்டுக் கோடு விழும். கட்டியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிப் பிடித்து அழுத்தினால் சுத்தமாக அறுபடும். காசிமேட்டுப் பக்கம் வலைச் சாமான் கடைகளில் நரம்பு கிடைக்கும். நார் வைத்த சோப்புக்கு மட்டும் கத்திதான் சரி. நாருக்கு நடுவில் இருக்கும் இடைவெளி பார்த்து வெட்டுங்கள்.

வெட்டிய கட்டிகளை முறத்தில் இடைவெளி விட்டு அடுக்கி, காற்று வருகிற நிழலான இடத்தில் ஆறு வாரம் வையுங்கள். வாரம் ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். மாடி வெயிலில் சீக்கிரம் காயும் என்று எடுத்துப் போகாதீர்கள், வெயிலில் மிச்ச எண்ணெய் சிக்கு வாடை அடித்து ஆரஞ்சு புள்ளி வரும். ஐப்பசி, கார்த்திகை மழையில், அதுவும் கடற்காற்று படுகிற வீடுகளில், சோப்பின் மேல் வியர்வை போல நீர்த்துளி நிற்கும். கிளிசரின் காற்றிலிருந்து ஈரத்தை இழுப்பதுதான் காரணம். ஃபேன் போட்டு வையுங்கள், ஒன்றிரண்டு வாரம் கூடுதலாகக் காத்திருங்கள். வாரா வாரம் ஒரு கட்டியை எடை போட்டு, குறைவது நின்றதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

மேலே வெள்ளைப் பொடி படிந்தால் அது சோடா சாம்பல், துடைத்துவிடலாம். வெட்டிய இடத்தில் வெள்ளையான கெட்டி முடிச்சுகள் தெரிந்தாலோ, தொட்டால் எரியும் நீர் கசிந்தாலோ, அந்தத் தொகுதி உடம்புக்கு வேண்டவே வேண்டாம். பாத்திரம் தேய்க்கவும் வைக்காதீர்கள், கைதானே தேய்க்கிறது. எலுமிச்சைச் சாறு ஊற்றி சோப்பின் காரத்தைக் குறைக்கலாம் என்றும் சொல்கிறார்கள். அது சோடாவைத் தின்று மிச்ச எண்ணெயின் அளவைக் கூட்டும், அவ்வளவுதான். உண்மையான சோப்பின் பிஎச் 9, 10 என்றுதான் இருக்கும்.

வேலை முடிந்த பாத்திரத்தை உடனே தொட்டியில் கழுவாதீர்கள். ஒட்டியிருக்கும் கலவையைப் பழைய பேப்பரால் கையுறையோடு துடைத்து எடுத்துவிட்டு, மறுநாள் கழுவினால் எண்ணெய் போய்க் குழாய் அடைக்காது.

யார் தேய்க்கலாம், யார் கூடாது

உடம்பு சோப்பு வாரத்தில் இரண்டு நாள் போதும், மற்ற நாட்களில் சாதாரண சோப்பு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் பாதத்தில் இதைப் போடக் கூடாது. உணர்ச்சி குறைந்த காலில் கீறல் விழுந்தால் தெரியாது, அது புண்ணாகி ஆறாமல் நிற்கும். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பெரியவர்களுக்குக் கொடுப்பதாக இருந்தால் முதலில் இதைக் கேளுங்கள். எக்சிமா, திறந்த புண், அப்போதுதான் ஷேவ் செய்த இடம், சின்னக் குழந்தைகளின் உடம்பு இவற்றுக்கும் வேண்டாம்.

சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கும்போது என்னென்ன எண்ணெய், என்ன பொடி, வெட்டிய தேதி, எந்த இடத்துக்கு என்பதை ஒரு சீட்டில் எழுதிச் சுற்றிக் கொடுங்கள். விற்க நினைத்தால் விஷயம் வேறு: இந்தியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருள் கணக்கில் வரும், 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளின்படி தயாரிப்பு உரிமம் வாங்க வேண்டும். அதற்கு மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் விண்ணப்பிக்க வேண்டும், வீட்டுச் சமையலறையை அதற்கு இடமாகக் காட்ட முடியாது.